பாட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், சென்னிமலையில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். இரண்டாவது வரியில் அவர் உதடு அசையத் தொடங்கியது. கண் எங்கேயோ போனது. சரி, இனிமேல் கதை வரும் என்று காத்திருந்தபோது பாட்டு நின்று மசாலாப் பொடி விளம்பரம் கத்தியது. "யாரு கண்ணு அது, இந்தக் கத்துக் கத்தறது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டுப் பெரியவர்களின் பழைய நாட்களைப் பாட்டின் வழியாகப் பேசவைத்து, அதைப் பதிவுசெய்துவைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையிலிருக்கும் போன், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு துண்டு போதும். துண்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எந்த வருஷத்துப் பாட்டு?

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். 'பெரியவர்' என்றாலே பாகவதர் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்த படம். அந்தப் பாட்டுகளை வாலிபத்தில் கேட்டவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு 75 வயது என்றால், அது அவருடைய அப்பாவின் பாட்டு.

நினைவைப் பற்றி ஆராய்கிற உளவியலாளர்கள் பல நாடுகளிலும் கண்ட ஒரு விஷயம் உண்டு. வயதானவர்களைப் பழசைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வருகின்றன. பள்ளி, முதல் வேலை, கல்யாணம், புது ஊர் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருகிறது. அதனால் அவர் பிறந்த வருஷத்தோடு 12-ஐயும் 25-ஐயும் கூட்டுங்கள். அந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவே வந்த பாட்டுகளைத் தேடுங்கள். 1960-இல் பிறந்தவருக்கு, இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்த 1976-இல் 16 வயது. அவரிடம் ஐம்பதுகளின் பாட்டைப் போட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

பிறந்த வருஷத்துக்கு ஆதார் அட்டையை நம்பாதீர்கள். எங்கள் அம்மிச்சியின் ஆதாரில் 1955 என்று இருக்கிறது. அதன்படி பார்த்தால் அவர் 13 வயதில் என் அம்மாவைப் பெற்றிருக்க வேண்டும். நேராகக் கேட்டால் அவருக்கும் தெரியாது. "அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டேன். "ஆகி, உன்ற அம்மா கைக்கொழந்தை. தூக்கிக்கிட்டுத்தான் போய் ரேடியோ கேட்டோம்" என்றார். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. கணக்கு கிடைத்துவிட்டது. தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்), எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது (1977), இந்திரா காந்தி சுடப்பட்டது (1984) என்று ஊருக்கே தெரிந்த சம்பவங்களைக் கைவசம் வைத்திருங்கள். அந்தக் காலத்தவர்கள் வருஷத்தை எண்ணாக நினைவு வைப்பதில்லை. இன்னது நடந்தபோது என்றுதான் வைத்திருப்பார்கள்.

ஒரு அமர்வுக்கு ஏழெட்டுப் பாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் போடமாட்டீர்கள். எதிலும் ஒட்டவில்லை என்றால் மாற்றிப் போடுவதற்குத்தான் மீதி.

பாட்டு எதிலிருந்து வரவேண்டும்

விளம்பரம் வராத இடத்திலிருந்து. காசு கட்டிய செயலியோ, முன்கூட்டியே போனில் இறக்கிவைத்த கோப்போ, பாட்டு ஏற்றி விற்கும் கார்வான் மாதிரி பெட்டியோ, எதுவானாலும் சரி, நடுவே இன்னொரு குரல் வரக்கூடாது. பெட்டிக்குத் தனி லாபம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது ரேடியோ மாதிரி இருக்கும், தாங்களே குமிழைத் திருகுவார்கள். ஆனால் நீங்கள் தேடுகிற பாட்டு உடனே அகப்படாது. நான் போனையும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரையும் வைத்துக்கொள்கிறேன்.

பழைய பாட்டைத் தேடும்போது கேட்டுப் பார்த்து எடுங்கள். பேரைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். எதிரொலி சேர்த்தது, தாளம் மாற்றியது, வேறு யாரோ பாடியது என்று நாலைந்து வடிவம் கிடக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம், அவருக்கு முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். "இது அவரு கொரலு இல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மறுபடி மனசு ஒட்டாது. கரகரப்பு இருக்கிற பழைய இசைத்தட்டுப் பதிவே மேல்.

சத்தத்தைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுபோவது நல்லது. வயதானால் முதலில் மங்குவது மேல் சுருதி ஒலிகள். சத்தத்தை மட்டும் கூட்டினால் அவர்களுக்கு இரைச்சல்தான் கூடும், வார்த்தை தெளியாது. நன்றாகக் கேட்கிற காது எது என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

உட்காரும் இடமும் அந்தத் துண்டும்

பதிவுசெய்ய போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும். போனை வெறும் மேசைமேல் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம், வளையல் படுகிற சத்தம் எல்லாம் இடி மாதிரி விழும். துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். வாயிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி தூரம். ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுவே யாராவது அழைத்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், அது நின்றது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நான் நாற்பது நிமிஷத்தை இப்படி இழந்திருக்கிறேன். அழைத்தவர் லோன் வேண்டுமா என்று கேட்டார். ஏரோபிளேன் மோடில் ப்ளூடூத்தும் அணைந்தால் அதை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். குக்கர் நேரம், மிக்ஸி நேரம், சீரியல் நேரம் மூன்றும் ஆகாது. பத்து மணி வாக்கிலோ, நாலு மணிக் காபிக்குப் பிறகோ உட்காரலாம். கையில் ஏதாவது வேலை இருந்தால் ரொம்ப நல்லது. பூக் கட்டுவது, கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது மாதிரி. கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். "பேட்டி எடுக்கறேன்" என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கோர்ட்டுக் கூண்டில் நிற்பவர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

பதிவாகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்து எடுக்கிற வேலை வேண்டாம்.

பாட்டை நிறுத்துவதுதான் வேலை

பாட்டு முழுக்க ஓடவேண்டியதில்லை. பல்லவி, ஒரு சரணம். அதற்குள் முகத்தில் ஏதாவது நடக்கும். விரல் தாளம் போடும், கூடவே முனகுவார், அல்லது உங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு சுவரைப் பார்ப்பார். அந்த இடத்தில் சத்தத்தை மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள். பட்டென்று நிறுத்தினால் திடுக்கிடுவார். பாட்டு பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் பதிவில் பேச்சு புரியாது. பிற்பாடு அதை யூடியூபில் ஏற்ற நினைத்தால், அந்தப் பாட்டுக்கு உரிமையுள்ள நிறுவனம் உரிமை கோரும். ஆக, பாட்டு வேறு, பேச்சு வேறு.

நிறுத்திய பிறகு பேசாமல் இருங்கள். மனசுக்குள் இருபது எண்ணுங்கள். இதுதான் எனக்கு ரொம்ப நாள் வராதது. அமைதி வந்தாலே ஏதாவது கேட்டு நிரப்பிவிடுவேன். பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது தெரிந்தது, அம்மிச்சி மூச்சை இழுத்துப் பேசத் தொடங்குகிற இடத்தில் எல்லாம் என் குரல் குறுக்கே விழுந்திருக்கிறது.

இருபது எண்ணியும் பேச்சு வராவிட்டால் கேளுங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சை. இல்லை என்றால் தோற்ற மாதிரி, ஆமாம் என்றால் பேச்சு முடிந்த மாதிரி. "யார் பாடினது, எந்தப் படம்" என்பதும் பரீட்சைதான். 

பாட்டைப் பற்றிக் கேட்காமல், அதைக் கேட்ட இடத்தையும் ஆளையும் பற்றிக் கேட்கவேண்டும். எனக்கு இது பிடிபட்டது ஒரு காதல் பாட்டில். அம்மிச்சிக்கு அந்தப் பாட்டு வரிக்கு வரி தெரிந்தது. படத்தைப் பற்றி என்ன கேட்டாலும் "ம்ம்" என்றார். கதாநாயகன், கதை, கொட்டகை எதற்கும் பதில் இல்லை. கடைசியில் அலுத்துப்போய், "இதை எங்க வெச்சுக் கேட்டீங்க அம்மிச்சி?" என்றேன்.

"செவுத்துல."

"செவுத்துலீங்களா?"

"நம்மூட்ல ஏது ரேடியோ? உன்ற பாட்டன் வாங்க உடமாட்டாரு. பக்கத்தூட்டு அக்கா வெச்சிருந்தா. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே செவுரு. நான் இந்தப் பக்கம் தறிக்குழியில இருப்பேன். இந்தப் பாட்டு வந்தா அந்தக்கா வேணும்னே சத்தத்தக் கூட்டி வெப்பா, எனக்குக் கேக்கட்டும்னு. நான் தறிய நிறுத்திருவேன். தறிச் சத்தம் நின்னா எங்கய்யனுக்குத் தெரிஞ்சுபோயிரும். 'என்ன, நூல் அந்துபோச்சா?'ம்பாரு. 'ஆமாங்கய்யா'ம்பேன்."

அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு அது ஒரு சுவரின் பாட்டு. ஒரு பாட்டு மூன்று நிமிஷம் என்றால் அந்த மூன்று நிமிஷமும் தறி நின்றிருக்கிறது, தினமும் நூல் அறுந்திருக்கிறது.

அன்றிலிருந்து என் கேள்விகள் எல்லாம் இடத்தையும் ஆளையும் பற்றியவை. எங்கே கேட்டீர்கள், கூட யார் இருந்தது, அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், பாட்டு முடிந்ததும் எங்கே போனீர்கள். டெண்டுக் கொட்டாய் என்றால் தரை டிக்கெட்டா பெஞ்சா, மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தீர்களா, இடைவேளையில் என்ன விற்றார்கள், பாட்டுப் புத்தகம் வாங்கினீர்களா. ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோவா, டீக்கடை ரேடியோவா, சொந்த ரேடியோவா. சொந்தம் என்றால் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டப் போனது யார். எண்பதுகளின் நடுவரை ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை, அதைக் கேட்டாலே பெரியவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும்.

அறிவிப்பாளர்களின் பேரும் பாட்டைப் போலவே வேலை செய்யும். இலங்கை வானொலியை ஒட்டிக் கேட்டவர்களிடம் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று ஒரு பேரைச் சொல்லிப் பாருங்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் கிளம்பியவர்கள் இரண்டு கரையிலும் உண்டு. தொலைக்காட்சித் தலைமுறை என்றால், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' யார் வீட்டில் பார்த்தீர்கள் என்ற ஒரு கேள்வி ஒரு தெருவையே கொண்டுவந்துவிடும்.

இன்னொரு தந்திரம். பாடச் சொன்னால் கூச்சப்படுவார்கள். நீங்கள் தப்பாகப் பாடுங்கள். வார்த்தையை மாற்றிப் போடுங்கள். "அட, அது அப்புடி இல்ல கண்ணு" என்று திருத்துவதற்காகவே முழுப் பாட்டையும் பாடிவிடுவார்கள். எனக்குச் சுருதி சேராதது இந்த ஒரு வேலைக்கு உதவியிருக்கிறது.

சினிமாவே பார்க்காதவர்கள்

சினிமாவுக்கு அனுப்பாத வீடுகள் நிறைய இருந்தன. அங்கே கோயில் மைக் செட்டிலிருந்து தொடங்குங்கள். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசம். கவசத்தில் வரும் சிரகிரி எங்கள் ஊர் மலைதான், அதனால் எங்கள் ஊரில் அந்தப் பதிவு தெரியாதவர் இல்லை. பெண்களிடம் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி என்று கேளுங்கள். இவை எந்தச் செயலியிலும் கிடைக்காது. அவரிடமிருந்து நீங்கள்தான் பதிவுசெய்ய வேண்டும். ஒப்பாரியை மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு.

அழுகை வரும். அதற்குத் தயாராக இருங்கள். உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள், "அழாதீங்க" என்றும் சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இறந்த வாரத்தில் தெருவில் ஓடிய ஒரு பாட்டு உண்டு. அது எதுவென்று தெரிந்த பிறகு நான் அதைப் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். முன்கூட்டியே அத்தை, சித்தி யாரிடமாவது கேட்டுவையுங்கள்.

பீரோ மேலே இருக்கும் கேசட்டுகள்

எண்பதுகளில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் சென்டரில் கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியலே ஒருவருடைய இருபது வயசு. வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகளும் பல வீடுகளில் கிடக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் எடுத்தவுடன் டேப் ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கைப் பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டாதீர்கள், அது மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லை என்றால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், இறுகியிருக்கிறதா என்று தெரியும். பிறகு ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் ஓட்டுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா தளரும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை (நாடா உரசி ஓடும் உலோகப் பகுதி) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பி, கம்ப்யூட்டரில் இலவச ஆடாசிட்டி (Audacity) மென்பொருள். அவ்வளவுதான் கருவி. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் (WAV) வடிவில் பதியுங்கள். ஸ்டீரியோவில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், ஒரு 60 நிமிஷ கேசட்டுக்கு 600 எம்.பி.க்குச் சற்று மேல். அதைப் பத்திரப்படுத்திவிட்டு, அனுப்புவதற்கு எம்.பி.3-ஆக ஒரு நகல் எடுங்கள். 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும், குறுக்குவழி கிடையாது. குரல் இழுத்து இழுத்து வந்தால் கேசட்டைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருக்கும். இதற்கென்றே மலிவாக விற்கும் கையடக்கப் பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். அதில் என் மாமாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. பழைய நல்ல டேப் ரெக்கார்டரைப் பெல்ட் மாற்றி ஓட்டுவதே உருப்படியானது.

கேசட்டை ஓட்டும்போது பெரியவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நடுவே வருகிற கோழிச் சத்தம், யாரோ கூப்பிடும் குரல் இதெல்லாம் யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் வெளியூரில் இருந்தால்

வாட்ஸப் வீடியோ அழைப்பில் உங்கள் பக்கமிருந்து பாட்டைப் போடாதீர்கள். அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை; பாட்டை இரைச்சல் என்று நினைத்து வெட்டி வெட்டி விழுங்கிவிடும். பாட்டு அங்கேயே, அவர் பக்கத்தில் இருக்கும் ஒருவர் கையால் ஓடட்டும். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். பதிவையும் அங்கே இன்னொரு போனில் எடுக்கச் சொல்லுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களிடம்

பேச்சு குறைந்தபிறகும் பழகிய பாட்டு பலருக்கு நிற்கிறது. பெயர் சொல்ல முடியாதவர் சரணத்தை முழுதாகப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து நோய் தீரும் என்று நினைக்காதீர்கள். அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தால் போதும். இரண்டு மூன்று பாட்டுகள், மெல்லிய சத்தம், ஹெட்போன் வேண்டாம். சொன்னதையே திரும்பச் சொன்னால் புதிதாகக் கேளுங்கள். வருஷம் தப்பு, ஆள் தப்பு என்று திருத்தாதீர்கள். முகம் சுளித்தால், கை உதறினால் நிறுத்திவிடுங்கள்.

பதிவை என்ன செய்வது

அன்று ராத்திரியே கோப்புக்குப் பேர் வையுங்கள். தேதி, யார் பேசுவது, எந்த ஊர்க் கதை. "புதிய பதிவு 37" என்று விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. போனில் ஒன்று, வேறு ஒரு வீட்டில் இருக்கும் ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ ஒன்று. வாட்ஸப்பில் அனுப்பியதைப் பத்திரப்படுத்தியதாக எண்ணாதீர்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.

குடும்பக் குழுவில் போடுவதற்கு முன், "இதை யார் யார் கேக்கலாமுங்க?" என்று அவரிடமே கேளுங்கள். பழைய கதையில் பங்காளிச் சண்டை வரும், நின்றுபோன கல்யாணம் வரும். எதை வெட்டவேண்டும் என்று அவரே சொல்வார். முழுசையும் உங்களிடம் வைத்துக்கொண்டு, வெட்டியதை மட்டும் அனுப்புங்கள்.

சுவர்க் கதையை அம்மிச்சிக்கே போட்டுக் காட்டினேன். "என்ற கொரலா இது? ஆம்பளைக் கொரலாட்ட இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத அந்தக்காவுக்கு அனுப்ப முடியுமா கண்ணு?" அந்த அக்கா இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பேரன் எண்ணைப் பிடித்து அனுப்பிவைத்தேன். மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்தது, நாலு நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வேணும்னு எங்க புள்ள வெச்சேன்? எனக்கு அப்பவே ஒரு காது மந்தம்."

அம்மிச்சி அதை மறுபடி போடச் சொன்னார்.